ஐயரும் சார்வாளுமாக வாழ்ந்த அப்பாவை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

கேள்வி:

என் அப்பா சென்ற ஆண்டு ஆகஸ்டில், 86ஆம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் 1959இல் திருச்சபை நடத்தும் டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளி ஆசிரியராக, எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘சார்வாள்’ ஆக, சேர்ந்து 13 ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு மதுரை அரசரடியில் இறையியல் படித்து, 1975இல் குருப்பட்டம் பெற்று, சபையார் ‘ஐயர்’ என்று அழைக்கும் போதகராக ஒன்பது சேகரங்களில் (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சபைகளில்) ஊழியம் செய்து, 2003இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

வரும் ஆகஸ்டில் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு புத்தகம் கொண்டுவர நினைக்கிறோம். பேராயர் முதல் எம்.எல்.ஏ. வரை இரங்கல் செய்தி வாங்கி முன்பக்கத்தில் போட வேண்டும் என்கிறார் அண்ணன். அப்பா விட்டுப்போனவை 41 பிரசங்க நோட்டுகள், 22 டைரிகள், 19 கேசட்டுகள், ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்களும் போட்டோக்களும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. டைரிகளில் சபையாரின் வீட்டு விவகாரங்கள் நிறைய இருக்கின்றன. அக்கா எரித்துவிடச் சொல்கிறாள். தம்பி அப்படியே அச்சிடச் சொல்கிறான்.

இன்னொன்றும் உண்டு. 1984இல் ஒரு சேகரத்தில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஓர் இளைஞனைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணக்கூடாது என்று சபைப் பெரியவர்கள் தடுத்தார்கள். அப்பா அடக்க ஆராதனையை நடத்தினார். மூன்றே மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. இதை எழுதலாமா? எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். அம்மாவுக்கு 81 வயது. எதைக் கேட்டாலும் ‘உங்கள் இஷ்டம்’ என்கிறார். எங்கே தொடங்குவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அம்மா கடைசியில், இரண்டே வரியில் வருகிறார். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஒன்பது குருமனைகள், ஐயர் குடியிருக்கச் சபை தரும் வீடுகள். ஒவ்வொன்றிலும் புதிதாக அடுப்பு மூட்டி, ஒவ்வொரு ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கும் பழகி, நேரங்கெட்ட நேரத்தில் வாசலில் வந்து நின்றவர்களுக்குச் சோறு போட்டவர் அவர். ஐயர் சனிக்கிழமை இரவு ஒரு வசனத்தோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும். சபை பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலை வெள்ளை அங்கியோடு வந்து நின்றவரை. பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் துணி தைப்பது என்று சம்பளம் இல்லாத இன்னோர் ஊழியத்தை ஐயரம்மாக்கள் செய்தார்கள். அதற்கென்று எந்த அலுவலகத்திலும் ஒரு கோப்பு கிடையாது. நோட்டும் டைரியும் இன்னும் ஓராண்டு தாங்கும். 81 வயதை நம்பி நாள் கடத்த முடியாது.

அதனால் ஊருக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறக்காதீர்கள். அம்மாவோடு உட்காருங்கள். காலைச் சாப்பாடு முடிந்த நேரம் நல்லது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். போனில் ஒலிப்பதிவு ஓடுவதை அவரிடம் சொல்லிவிட்டு ஓட விடுங்கள். அண்ணன், தம்பி எல்லாரும் சுற்றி உட்கார வேண்டாம். அம்மா பிள்ளைகளுக்குள் சமாதானம் பேசுகிறவராக மாறிவிடுவார், நினைவு நின்றுவிடும். ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லவர்’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துபோகும். சம்பளம் வந்த அன்று முதல் செலவு என்ன, குருமனையில் யார் முதலில் எழுந்தது, அப்பாவுக்குக் கோபம் வந்தால் வீட்டில் எப்படித் தெரியும், எந்த ஊர்க் குருமனையை விட்டு வரும்போது அழுகை வந்தது, இப்படிக் கேளுங்கள். ‘உங்கள் இஷ்டம்’ என்று சொல்லிப் பழகியவர்களிடம் அபிப்பிராயம் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். நடந்ததைக் கேட்டால் பேசுவார்கள்.

திருச்சபை ஆவணங்களோடு 27 ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். என் கையில் நூற்றுக்கணக்கான நினைவு மலர்கள் வந்திருக்கின்றன. முன் அட்டையில் அங்கியோடு ஒரு படம், பிறகு இரங்கல் செய்திகள், பிறகு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தச் சேகரம் என்ற பட்டியல், பிறகு பேரப்பிள்ளைகளின் படங்கள். இறந்தவரின் குரல் ஓரிடத்திலும் கேட்காது. சேகரப் பட்டியல் எங்கேயும் போய்விடாது. எந்த ஞானஸ்நான ரிஜிஸ்டரைத் திறந்தாலும் சடங்கை நடத்திய குருவின் கையெழுத்து ஒவ்வொரு வரியிலும் இருக்கும். திருமணப் பதிவேட்டிலும் இருக்கும். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குருப்பட்டச் செய்திக்குத் திருநெல்வேலித் திருமண்டலத்தின் (பேராயரின் ஆளுகைப் பகுதியின்) ‘நற்போதகம்’ பத்திரிகையின் பழைய இதழ்களைப் பாருங்கள். அலுவலகத்தில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அப்பா ஓய்வு பெற்ற அதே 2003இல்தான் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தது. அவர் ஊழியம் செய்த சேகரங்கள் இரண்டு பக்கமும் இருக்கலாம். ஓரிடத்தில் ‘இல்லை’ என்றால் அதோடு விட்டுவிடாமல் மற்ற இடத்திலும் கேளுங்கள்.

பட்டியலில் இல்லாதது ஒன்று உண்டு. உங்கள் அப்பா வாத்தியாராக இருந்து ஐயராக ஆனதை நீங்கள் இரண்டு வேலைகளாக எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துச் சரித்திரத்தில் அது ஒரே வேலை. ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்தே ஊருக்கு ஊர் எழுந்த ஓலைக் கூரைக் கோயில், வாரநாளில் பள்ளிக்கூடம். காலையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவரே மாலையில் ஜெபம் நடத்தினார், ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசித்தார், ராத்திரியில் பேதி கண்டவன் வீட்டுக்கு ஓடினார். உபதேசியார் என்று பெயர். இடையன்குடியில் அரை நூற்றாண்டு இருந்த கால்டுவெல்லுக்குச் சிலையும் நினைவில்லமும் இருக்கின்றன, இருக்க வேண்டியவைதான். அவருடைய பள்ளிக்கூடங்களில் தொண்டை வறளக் கத்திப் பாடம் சொன்ன உபதேசிமார் பெரும்பாலும் ஆண்டறிக்கையில் ஓர் எண்ணாகத்தான் நிற்கிறார்கள். 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன்தான் இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்டு குரு. அவரைப் பற்றி இன்று நமக்கு ஏதாவது தெரிகிறது என்றால், ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு மிஷனெரிகள் எழுதி அனுப்பிய அறிக்கைகள் அங்கே பத்திரமாக இருப்பதால்தான். நம்மவர்களைப் பற்றி வேற்று நாட்டார் எழுதிவைத்தார்கள். நம்மவர்கள் வீட்டிலேயே எழுதிவைத்தது கரையானுக்குப் போயிற்று. உங்களிடம் 41 நோட்டும் 22 டைரியும் இருக்கின்றன என்று வாசித்தபோது எனக்கு நெஞ்சு படபடத்ததற்கு அதுதான் காரணம்.

ஆகவே பள்ளிக்கூடத்து 13 ஆண்டுகளை முன்னுரையில் ஒரு பத்தியாகக் கடந்துவிடாதீர்கள். அவரிடம் படித்தவர்களில் கடைசி அணிக்கு இன்று அறுபது வயது நெருங்கியிருக்கும். முதல் அணி எழுபத்தைந்தை எட்டியிருக்கும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதில் பெயர், தகப்பன் பெயர், தொழில், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கும். பல வரிகள் உங்கள் அப்பாவின் கையெழுத்திலேயே இருக்கக்கூடும். தொழில் என்ற கட்டத்தையும் விலகிய தேதியையும் சேர்த்துப் பாருங்கள். தேரிக்காட்டில் பனையேறி வீட்டுப் பிள்ளைகள் பதநீர்ப் பருவம் வந்தால் விடிலிக்கு, கருப்பட்டி காய்ச்சும் குடிசைக்கு, போய்விடுவார்கள். அம்மா கருப்பட்டி காய்ச்ச, பிள்ளை சுள்ளி பொறுக்கும். பள்ளி பாதி காலியாகும். அப்படிப் போன பிள்ளைகளை இந்த வாத்தியார் என்ன செய்தார்? விடிலிக்கே போய்க் கூப்பிட்டாரா, பருவம் முடிந்து வந்தவனுக்கு விட்டுப்போன பாடத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தாரா, அல்லது பெயரை அடித்துவிட்டாரா? காமராஜர் காலத்தில், 1956இல், எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அந்தப் பள்ளிக்கு எப்போது வந்தது, யார் சமைத்தார், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்களா, சார்வாள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்? நான்கு முதிய மாணவர்களிடம் இதைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல், அவர்கள் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். உங்களுக்கு எழுதிப் பழக்கமில்லை என்கிறீர்கள். புத்தகத்தில் பாதி அவர்களே எழுதிக்கொடுத்துவிடுவார்கள்.

அடித்தாரா என்றும் கேட்க வேண்டும். அந்தக் காலத்து வாத்தியார்கள் பிரம்பு வைத்திருந்தார்கள். ஒருவர் ‘என்னை அடித்தார்’ என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். அடி வாங்கியவரே அவருடைய அடக்கத்துக்கு எத்தனையோ மைல் பயணம் செய்து வந்திருக்கக்கூடும். ஏன் வந்தார் என்று அவரையே சொல்ல விடுங்கள்.

பிரசங்க நோட்டுகளுக்கு வருவோம். 41 நோட்டையும் அச்சிட முடியாது, அச்சிட்டாலும் யாரும் வாசிக்கப்போவதில்லை. தேதி, ஊர், வேதவசனம் என்ற மூன்றை மட்டும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் யாராவது விடுமுறையில் செய்துவிடலாம். முடிந்ததும் உங்கள் அப்பாவின் வாழ்க்கைப் பயணம் நாள்வாரியாகக் கையில் இருக்கும். எந்த வசனத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார், எதை ஒரு தடவைகூடத் தொடவில்லை என்பது தெரியும். பிறகு இரண்டு இடங்களை மட்டும் உடனே புரட்டிப் பாருங்கள். ஒன்று, 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்த வாரம். மற்றது 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடற்கரைக் கோயில்களில் காலை ஆராதனை நேரத்தில்தான் அலை வந்தது. அப்பா அப்போது ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. ஓய்வு பெற்ற ஐயர்மாரைப் பண்டிகைக் காலத்தில் பிரசங்கத்துக்குக் கூப்பிடுவது வழக்கம். அன்றைய குறிப்பு இருந்தால் அதை விடாதீர்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு இருந்தால் அதைவிடவும் முக்கியம். முழுப் பிரசங்கங்களில் மூன்றைத் தேர்ந்து, அடித்தல் திருத்தல்களோடு, கையெழுத்துப் படத்தையும் பக்கத்தில் போட்டு வெளியிடுங்கள்.

டிரங்குப் பெட்டியைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த வெள்ளத்தில் நனைந்து, காய்ந்து, ஒட்டிப்போன காகிதங்களோடு அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இன்னும் வருகின்றன. எல்லாரிடமும் நான் கெஞ்சுவது ஒன்றுதான்: ஒட்டிய தாள்களை நகத்தாலோ கத்தியாலோ பிரிக்காதீர்கள். வெயிலில் போடாதீர்கள். என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். அவருடைய தினக்குறிப்புகள் ஒரு மழையில் நனைந்தபோது, என் வீட்டார் அக்கறையோடுதான் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் காயவைத்தார்கள். மசி வெளுத்துத் தாள் அப்பளமாகிவிட்டது. ‘இனி எதற்கு’ என்று பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது 12 வயது. ஒரே ஒரு தாள் என் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்ததால் தப்பியது. ‘இன்று 11 பேர் வந்தார்கள். மாடத்தி மகன் வரவில்லை’ என்று மட்டும் அதில் இருக்கிறது. அந்தப் பையன் மறுநாள் வந்தானா என்பதை இனி நான் தெரிந்துகொள்ள முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பெட்டியை நிழலில், காற்றோட்டமான தாழ்வாரத்தில் திறங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள், பூஞ்சை இருக்கும். துருப்பிடித்த குண்டூசி, ரப்பர் வளையம் இவற்றை மெதுவாக எடுத்துவிடுங்கள். உலர்ந்த பூஞ்சையை மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். ஒட்டிக்கொண்டவற்றை அப்படியே தனி உறையில் வைத்து, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர்களிடம் காட்டும்வரை தொடாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிய போட்டோவைச் சட்டத்திலிருந்து உரிக்காமல், கண்ணாடியோடேயே படமெடுங்கள். செல்லோடேப் வேண்டாம், லேமினேஷன் கூடவே கூடாது. ராமபாணப் பூச்சிக்கு நம் வீடுகளில் வசம்பும் வேப்பிலையும் வைப்பார்கள். வைக்கலாம், ஆனால் காகிதத்தின் மேல் படாமல் துணி முடிச்சாகப் பெட்டியின் மூலையில் இருக்கட்டும். கடிதங்களை 300 டி.பி.ஐ. அளவிலும் போட்டோக்களை 600 அளவிலும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதுங்கள். யார் யார் என்று இடமிருந்து வலமாகச் சொல்ல இன்று அம்மா ஒருவர்தான் இருக்கிறார்.

கேசட்டுகளை ஆசைக்காக டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டுவிடாதீர்கள். சிக்கி அறுந்தால் போயிற்று. முதல் தடவை ஓடும்போதே கணினியில் பதிவாகும்படி, அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இனி டைரிகள். அக்கா சொல்வதும் சரியில்லை, தம்பி சொல்வதும் சரியில்லை. இருவர் மனசிலும் இருப்பது மட்டும் சரியானது. அக்காவுக்கு அப்பாவை நம்பிப் பேசியவர்களின் மானம் பெரிது. தம்பிக்கு அப்பா சுமந்த பாரம் வெளியே தெரிய வேண்டும். இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறது.

ஒரு குருவானவரின் டைரியில் பாதிதான் அவருடையது. மீதி, ராத்திரி பத்து மணிக்குக் குருமனைக் கதவைத் தட்டி, ‘ஐயா, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்’ என்று அழுதவர்களுடையது. அவர் இறந்ததால் அந்த வாக்கு இறந்துபோகாது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று தம்பி சொல்லக்கூடும். ‘கிழக்குத் தெரு, இரண்டு பெண்பிள்ளைகள், மகன் பம்பாயில்’ என்று எழுதினாலே ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பக்கங்களிலிருந்து ஒரு வரிகூட இந்தப் புத்தகத்துக்கு வேண்டாம். அதற்காக எரிக்கவும் வேண்டாம். ஒரு கிராமத்து ஐயர் முப்பது ஆண்டுகளாக எத்தனை குடும்பங்களின் கண்ணீரைக் கேட்டார், எங்கே கைகொடுத்தார், எங்கே கையறு நிலையில் திரும்பினார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. டைரிகளை ஒருவர் மட்டும் வாசியுங்கள். உங்கள் நால்வரில் நீங்களே வாசிப்பது நல்லது என்று உங்கள் கடிதத்தின் நிதானத்தை வைத்துச் சொல்கிறேன். பயணம், செலவு, வீடு, பள்ளி, மழை, விருந்தாளி இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 22 டைரியையும் உறையிலிட்டு முத்திரை வைத்து, இன்ன ஆண்டுவரை யாரும் திறக்கக்கூடாது என்று எழுத்தில் நிபந்தனை போட்டு ஓர் ஆவணக் காப்பகத்தில் கொடுங்கள். 2065 என்று வைத்துக்கொள்ளலாம். அதில் வருகிறவர்களில் பலர் அதற்குள் நம் எல்லாரையும்போலப் போயிருப்பார்கள். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் திருச்சபை ஆவணங்களுக்கென்றே காப்பகம் இருக்கிறது. உங்கள் அப்பா படித்த அரசரடிக் கல்லூரியையும் கேட்டுப் பாருங்கள். நிபந்தனையை எழுதித் தந்து கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே பெட்டியைக் கைமாற்றுங்கள்.

வாசிக்கும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். டைரியில் நீங்களும் இருப்பீர்கள். உங்களைப் பற்றி அவர் கவலைப்பட்ட நாளும், தப்பாகப் புரிந்துகொண்ட நாளும், உங்கள் பிறந்தநாளை மறந்து கன்வென்ஷன் கணக்கு எழுதிய நாளும் இருக்கும். ஐயர் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவை ஊரோடு பங்கிட்டு வளர்ந்தவர்கள். ஒன்பது சேகரம் என்றால் எத்தனை பள்ளிக்கூடம் மாறினீர்கள், எத்தனை சிநேகிதிகளை விட்டு வந்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த வருத்தம் இருந்தால் அதற்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுங்கள். அப்பாவை அது சிறுமைப்படுத்தாது. அவர் பிள்ளைகளிடமிருந்து எடுத்து ஊருக்குக் கொடுத்தது என்ன என்பதை வாசகர் அங்கேதான் அறிவார்.

1984க்கு வருகிறேன். சபைப் பெரியவர்கள் தடுத்ததைக் கல்மனம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது ஒரு பழைய சட்டத்தை. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு முன்னால் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது: ஞானஸ்நானம் பெறாதவர், சபையிலிருந்து நீக்கப்பட்டவர், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர், இந்த மூவருக்கும் இந்த ஆராதனையை நடத்தலாகாது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகும் ஊர்களில் அந்த வழக்கம் சீக்கிரம் போய்விடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள். உங்கள் அப்பாவும் அதையே கேட்டு வளர்ந்தவர். இருந்தும் அவர் அங்கியை மாட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனார். அந்த இடத்தில் நிற்கும் மனிதரை எழுதாமல் விட்டால் புத்தகத்தில் உங்கள் அப்பா இல்லை என்றே சொல்வேன்.

எழுதும் முன் ஒரு வீட்டுப் படியேற வேண்டும். அந்த இளைஞனின் தாயோ, உடன்பிறந்தவர்களோ இருப்பார்கள். கடிதம் போடாமல், போனில் பேசாமல், நேரில் போங்கள். ‘ஐயர் மகள் வந்திருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த அத்தியாயம் இல்லை. அதற்கு மேல் விவாதம் கூடாது. சரி என்றால், அவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் கேள்விப்பட்டிராத ஒன்றை அவர்கள் நாற்பது ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கலாம். எப்படி இறந்தான், ஏன் இறந்தான் என்பது வேண்டாம். அடக்க ரிஜிஸ்டரில் அந்தத் தேதியைப் பாருங்கள், கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கல்லறைத் தோட்டத்துக்கும் போய்வாருங்கள். இப்படிப்பட்டவர்களைச் சுவரோரத்தில் ஒதுக்குவது உண்டு. உங்கள் அப்பா அவனை எங்கே வைத்தார் என்று பார்த்து எழுதுங்கள்.

மாற்றலைப் பற்றி எழுதும்போது ‘அதனால்தான்’ என்ற சொல் வேண்டாம். ஐயர்மாருக்கு மாற்றல் வருவது வாடிக்கை. இது தண்டனை என்று காட்ட உங்கள் கையில் கடிதம் இருந்தால் ஒழிய, அந்தச் சொல்லுக்கு ஆதாரம் இல்லை. அடக்கம் இன்ன தேதியில் நடந்தது, மாற்றல் இன்ன தேதியில் வந்தது என்று இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தடுத்தவர்களின் பெயரும் வேண்டாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பெஞ்சுகளில்தான் இன்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

அண்ணனிடம் இரங்கல் செய்திகளைக் கடைசி நான்கு பக்கத்தில் போடலாம் என்று சொல்லுங்கள்; மனம் கோணாமல் சொல்லுங்கள், அவரும் அப்பாவுக்கு மரியாதை தேடித்தான் அலைகிறார். 96 பக்கம் போதும். வாசிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் எழுபது வயதுக்காரர்கள், அதனால் எழுத்து பெரிதாக இருக்கட்டும். அச்சானதும் கன்னிமாரா நூலகத்துக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள். அவர் வேலை பார்த்த தொடக்கப் பள்ளிக்குக் கட்டாயம் இரண்டு. ஆகஸ்டுக்குள் முடியவில்லை என்றால் அடுத்த ஆகஸ்ட் இருக்கிறது. அவசரத்தில் அந்த வீட்டுப் படி ஏறாமல் விடுவதைவிடத் தாமதம் நல்லது.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். அடுத்த வாரம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்ததும் இதைக் கேளுங்கள்: 1975இல் வீட்டைக் காலி செய்து முதல் சேகரத்துக்குச் சாமான் ஏற்றினீர்களே, வண்டியில் கடைசியாக ஏற்றியது என்ன? பதில் உடனே வராது. அவர் ஜன்னல் பக்கம் பார்ப்பார், வேறு எதையோ சொல்வார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். ஒலிப்பதிவை நிறுத்திவிடாமல் காத்திருங்கள்.